டெல்சி திருப்பி அனுப்பிய தாடி

கடந்த ஆண்டில், அதாவது 1995இல், ஜேர்மனியின் ஹம் நகருக்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் தீயணைப்பு நிலையத்தில் ஆயிரத்து நானூறு முகக்கவசங்கள் கழுவி, உலர்த்தி, சோதிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே பெண்ணின் கைவழியாகப் போனவை. அவர் பெயர் டெல்சி. வயது முப்பத்திரண்டு. ஊர் யாழ்ப்பாணத்துப் பாசையூர். அந்த நிலையத்தின் சுவாசக் கருவிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண்ணும் அவர்தான், முதல் தமிழரும் அவர்தான்.

பட்டறை என்றால் சம்மட்டிச் சத்தம் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். வெள்ளை ஓடு பதித்த அறை. ஒரு பக்கம் ஆழமான தொட்டிகள், மறு பக்கம் சூடான காற்று ஓடும் அலுமாரி. சுற்றுவட்டாரத்துத் தொண்டர் அணிகள் நெருப்புக்குப் போய் வந்ததும், கரி படிந்த கறுப்பு றப்பர் முகக்கவசங்களைப் பெட்டி பெட்டியாக இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். டெல்சி ஒவ்வொன்றையும் பிரிப்பார், கழுவுவார், கிருமி நீக்குவார், காயவைப்பார். பிறகு அதை ஓர் உலோகத் தலையில் மாட்டி, உள்ளிருக்கும் காற்றை இயந்திரத்தால் உறிஞ்சுவார். அழுத்தமானியின் முள் நகராமல் நின்றால் கவசம் நல்லது. மெல்ல இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது.

"முள்ளு ஆடினா எனக்கு நித்திரை வராது," என்கிறார். "ஆரின்ரையோ பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு புகைக்குள்ள போகப்போகுது."

அந்த அறைக்குள் அவர் எப்படி வந்தார்? துடைப்பத்தோடுதான் வந்தார். 1991இல் நிலையத்தின் துப்புரவு வேலை ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனத்தில் டெல்சி இருந்தார். ஒரு நாள் நடைபாதை அறிவித்தல் பலகையின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒட்டியிருந்ததை வாசித்தார். பட்டறைக்கு உதவியாளர் தேவை. வாளியை அப்படியே வைத்துவிட்டு, பட்டறைத் தலைவர் ஓல்ட்மன்னிடம் போய், பெண்களும் கேட்கலாமா என்று கேட்டார். ஓல்ட்மன், கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்றார். அது சம்மதமா மறுப்பா என்று தெரியாமலே டெல்சி விண்ணப்பித்தார்.

வேலை கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. சுவாசக் கருவியைப் பராமரிப்பவர் அதைத் தானும் அணியத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆகவே டெல்சி காற்றுச் சிலிண்டரை முதுகில் ஏற்றி, முகக்கவசத்தை மாட்டி, பயிற்சித் தடத்துக்குள் நுழைந்தார். அது கம்பிக் கூடுகளால் ஆன நீண்ட சுரங்கம். உள்ளே இருட்டு, செயற்கைப் புகை, வெக்கை. தவழ்ந்துதான் போகலாம்.

"எனக்கு முன்னால ரெண்டு ஜேர்மன்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவை," என்று சொல்லிச் சிரிக்கிறார். "நான் அவையைத் தாண்டிப் போகேல்லை. வழி இல்லை. இருந்திருந்தா போயிருப்பன்."

அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்ன கதையைக் கேட்டுத்தான் கணவர் யூட்சனுக்கும் ஆசை பிடித்தது. யூட்சனுக்குப் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. தங்கள் பகுதித் தொண்டர் தீயணைப்பு அணியில் போய்ப் பெயர் கொடுத்தார். அணித்தலைவர் பிரிங்க்மன் அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நெருப்போ பகல் இரவு பார்ப்பதில்லை. பகலில் வீட்டில் இருக்கும், முதுகில் சிலிண்டர் ஏற்றி உள்ளே போகக்கூடிய ஒருவர் அந்த அணிக்குப் பொன். இடுப்பில் மாட்டிய சிறு கருவி பீப் என்று கத்தினால், தூங்கிக்கொண்டிருக்கும் யூட்சன் எழுந்து ஓடுவார். அந்தப் பீப் சத்தம் கேட்கும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைக் கலியாண வீட்டில்கூடக் கண்டதில்லை என்று டெல்சி கேலி செய்வார்.

இனித் தாடி.

1995 ஒக்ரோபர் கடைசியில், சண்டை நெருங்கியதால், யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே நாளில் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பாசையூரில் இருந்த டெல்சியின் தம்பி லக்ஸன் அந்தச் சனத்துக்குள் எங்கே போனார் என்று தெரியவில்லை. நவெம்பர் முழுவதும் செய்தி இல்லை. ஹம்மில் மாதாந்தத் தமிழ்ப் பூசை நடந்த ஞாயிறன்று, டெல்சி மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் இருந்து அழுது ஒரு நேர்த்தி வைத்தார். மடு மாதாவே, என் தம்பி உயிரோடிருக்கிறான் என்று ஒரு சொல் கேட்கச் செய். அப்படிச் செய்தால் என் புருசன் தாடி வளர்த்து, கேவலார் திருவிழாவில் உன் காலடியில் எடுப்பார்.

நேர்த்தி வைப்பவர் ஒருவர், அதைச் சுமப்பவர் இன்னொருவர் என்பது நம் வீடுகளில் புதிதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் நேர்ந்துகொள்வார், மொட்டை பிள்ளைக்கு. புருசனின் தாடி, மகளின் காதுத்தோடு, மாமியாரின் வெறுங்கால் நடை, எல்லாம் பூசைக்கு வந்த பெண்களின் கையில். இலங்கையின் மடு மாதா கோயிலுக்குப் போக முடியாத ஜேர்மனித் தமிழருக்கு டச்சு எல்லையோரத்துக் கேவலார்தான் மடு. ஒவ்வோர் ஓகஸ்டிலும் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். ஆகவே யூட்சன் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. அன்று மாலையே சவர அலகைத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிட்டார்.

ஜனவரியில் வவுனியாவிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி தொலைபேசியில் கூப்பிட்டார். லக்ஸன் உயிரோடு இருக்கிறார். காலில் காயம், ஆறிவருகிறது. வேறெங்கும் இல்லை, மடுக் கோயில் வளவில்தான் இருக்கிறார்.

கேட்டதை மாதா கொடுத்துவிட்டார். தன் வீட்டு வாசலிலேயே வைத்துக் கொடுத்துவிட்டார். இனி ஓகஸ்ட் வரைக்கும் அந்தத் தாடி மாதாவின் சொத்து.

மார்ச் மாதத்தில் தொண்டர் அணிகளுக்கு வருடாந்தப் பரிசோதனை. யூட்சனின் அணி ஒரு சனிக்கிழமை காலை பட்டறைக்கு வந்தது. ஒவ்வொருவராக நீண்ட மர வாங்கில் உட்கார்ந்து தன் முகக்கவசத்தை மாட்ட வேண்டும். காற்றுக் குழாய் பொருத்தும் துவாரத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கவசம் முகத்தோடு உறிஞ்சி ஒட்டிக்கொண்டால் சரி.

யூட்சனின் முறை வந்தது. நான்கு மாதத் தாடி. வாங்கில் இருந்தவர்கள் விடவில்லை.

"நிக்கொலவுஸ் தாத்தா வந்துவிட்டார், பரிசு மூட்டை எங்கே?" என்றார் ஒருவர்.

"பாண் தொழிற்சாலையில் இருந்து வருகிறார், மூட்டைக்குள் பாண்தான் இருக்கும்," என்றார் இன்னொருவர்.

டெல்சியும் சிரித்தார். தினமும் காலையில் தேநீர்க் கோப்பைக்கு மேலால் பார்க்கிற தாடிதான். வீட்டில் அது நேர்த்திக்கடனாக இருந்தது. பட்டறையின் வெள்ளை வெளிச்சத்தில்தான் முதல் முறையாக அது வெறும் மயிராகத் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

யூட்சன் கவசத்தை மாட்டித் துவாரத்தைப் பொத்தி மூச்சை இழுத்தார். இரண்டு கன்னத்தாலும் உஸ் என்று காற்று உள்ளே போனது. கவசம் ஒட்டவில்லை.

"இன்னொருக்கா," என்றார் டெல்சி.

மறுபடியும் உஸ்.

பக்கத்தில் நின்ற பிரிங்க்மன் குனிந்து, "வாரை நன்றாக இறுக்குங்கள். போதும்," என்றார்.

"இறுக்கினால் தலைதான் வலிக்கும். புகை நிற்காது," என்று டெல்சி ஜேர்மன் மொழியில் சொன்னார்.

"பகலில் எனக்கு உள்ளே போக நான்கு பேர்தான் இருக்கிறார்கள். அதில் இவர் ஒருவர். ஓகஸ்டில் எடுத்துவிடுவார் என்று அவரே சொல்கிறார். அதுவரை கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் கணவர்தானே!"

"அது மாஸ்க்குக்குத் தெரியாது," என்றார் டெல்சி.

வாங்கில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். யூட்சன் சிரிக்கவில்லை. டெல்சி அவரருகில் குனிந்து தமிழில் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, டிசம்பரில அந்தத் தச்சுப் பட்டறை நெருப்புக்குப் போனீங்களெல்லோ. அப்ப உள்ளுக்குப் போனீங்களோ?"

"ஓம், போனனான்."

"இந்தத் தாடியோடயோ?"

"அப்ப இவ்வளவு இல்லை. ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"நடக்கேல்லையோ? தலையிடிக்குது, சத்தி எடுக்க வருகுது எண்டு ரெண்டு நாள் படுத்திருந்தீங்கள். நான் தடிமன் எண்டு நினைச்சு ஆவி பிடிக்க வைச்சனான்!"

யூட்சன் கவசத்தைக் கழற்றினார். டெல்சி அவருடைய கவசத்தை வாங்கி, அணியின் பெட்டிக்குள் வைக்காமல் பட்டறைக் கொக்கியில் மாட்டினார். ஓல்ட்மன்னைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். ஓல்ட்மன் தாடியைப் பார்த்தார், டெல்சியைப் பார்த்தார், விதியும் அதுதான் என்று மட்டும் சொன்னார். யூட்சன் இனி வண்டி ஓட்டலாம், தண்ணீர்ப் பம்பில் நிற்கலாம். புகைக்குள் போக முடியாது.

வீட்டில் அன்று சமையல் நடக்கவில்லை.

"நேர்ந்தது நீ. வளத்தது நான். திருப்பி அனுப்பினதும் நீ," என்றார் யூட்சன். "எல்லாருக்கும் முன்னால."

"வேற ஆருக்கு முன்னால சோதிக்கிறது? எல்லாரையும் அப்பிடித்தானே சோதிச்சனான்."

"அப்ப தாடியை எடுக்கட்டோ?"

 எடுங்கள் என்று சொல்ல டெல்சிக்கு வாய் வரவில்லை. லக்ஸன் இன்னும் மடுவில் இருக்கிறார். சுற்றிலும் சண்டை. கொடுத்த வாக்கை இடையில் பறித்தால், கொடுத்த தம்பியை மாதா பறித்துவிட்டால்?

பீலெஃபெல்டில் இருக்கும் அக்கா அன்ரனிற்றாவும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார், இன்னும் உரக்க.

"உனக்கென்ன விசரே? மாதாவோட விளையாடாதை. ஓகஸ்ட் வரைக்கும் அவர் பம்பில நிண்டா என்ன, குறைஞ்சு போவாரோ?"

"அக்கா, அவருக்கு அது சும்மா விசயமில்லை."

"தம்பி சும்மாவோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, அக்கா."

"பின்ன நேர்த்தி வைக்கேக்க இந்த மாஸ்க் விசயம் உனக்கு ஞாபகம் வரேல்லையோ? நாள் முழுக்க அதைத்தானே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

அதுதான் டெல்சியைச் சுட்டது. ஒற்றை மயிர் றப்பருக்கு அடியில் போனாலும் ஒழுகும் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். கோயிலில் மட்டும் அது மறந்துபோயிற்று.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் நெருப்பு. பழைய தளபாடமும் சைக்கிள் ரயர்களும் எரிந்தன. பிரிங்க்மன்னின் அணிதான் முதலில் போய்ச் சேர்ந்தது. உள்ளே போக இருவர் தயார். ஆனால் இருவர் உள்ளே போனால், அவர்களுக்கு ஏதும் நேர்ந்தால் இழுத்துவர இன்னும் இருவர் வாசலில் கவசத்தோடு நிற்க வேண்டும். ஒருவர் நின்றார். மற்றவர் பம்பருகே தாடியோடு நின்றார். பக்கத்து ஊர் வண்டி வரும்வரை பிரிங்க்மன் தன் ஆட்களை உள்ளே விடவில்லை. அதுவரை வெளியிலிருந்து தண்ணீர் மட்டும் அடித்து, அது வந்த பிறகே உள்ளே போனார்கள். ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் நிலவறை முழுவதும் எரிந்துபோயிற்று. படிக்கட்டு வரை புகை ஏறி, மேல்மாடிக்காரர்கள் ஏணியில் இறங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பிரிங்க்மன் தானே கவசங்களைக் கொண்டுவந்தார். காலை வணக்கம் சொல்லவில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டெல்சி பெட்டியைத் திறந்தார். எரிந்த ரயரின் நாற்றம் அறை முழுவதும் பரவியது. ஒவ்வொரு கவசத்தின் வெளிப்புறமும் தார் பூசியதுபோல இருந்தது. விளிம்பைப் புரட்டி உட்புறத்தைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. உள்ளே போனவர்களின் முகத்தை ஒரு துளிக் கரிகூடத் தொடவில்லை. தன் கைவேலை அது. தொட்டியில் நீரைத் திறந்துவிட்டு நின்றபோது, தான் செய்ததில் தனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்பது அவருக்கு உறுதியாயிற்று. பிழை பட்டறையில் நடக்கவில்லை, கோயிலில் நடந்தது. ஆகவே கோயிலில்தான் திருத்த வேண்டும்.

அந்த மாதத் தமிழ்ப் பூசை முடிந்ததும் குருவானவரை மண்டபத்தில் பிடித்தார். ரோல்ஸும் தேநீரும் பரிமாறிக்கொண்டிருந்த இரைச்சலுக்குள் கதையைச் சொன்னார். குருவானவர் கடைசிவரை கேட்டார்.

"பிள்ளை, மாதா உம்மட்ட யூட்சன்ர தாடியைக் கேட்டவவோ?"

"இல்லை, ஃபாதர். நான்தான் குடுத்தனான்."

"யூட்சனைக் கேட்டுக் குடுத்தனீரோ?"

"இல்லை."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன்ர கோழியைக் காணிக்கை குடுத்தமாதிரி." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குருவானவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேர்ந்த ஆள் வேற ஒண்டாய் மாத்தலாம். குறைஞ்சதாய் மாத்தக் கூடாது. உம்மட சொந்தத்தில இருந்து குடும். மாதா கோவிக்கமாட்டா."

டெல்சி அதே இடத்தில் தீர்மானித்துவிட்டார். ஓகஸ்டில் கேவலாரில் தன் தலைமுடியை இறக்குவதாக. பாதியல்ல, முழுவதும்.

பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்ற யூட்சனுக்கு முகம் மாறிவிட்டது. "வேண்டாம். நான் பம்பிலயே நிக்கிறன். எனக்கொண்டும் இல்லை."

"உங்களுக்கு இல்லை. எனக்கு இருக்கு," என்றார் டெல்சி. "என்ர தம்பிக்கு நான் குடுக்கிறன். நீங்கள் உங்கட முகத்தைத் திருப்பி எடுங்கோ."

"மொட்டைத் தலையோட வேலைக்குப் போவியோ? அங்க பகிடி பண்ணுவாங்கள்."

"பண்ணட்டும். தலைமயிர் றப்பருக்குக் கீழ போற பிரச்சினையும் தீரும்."

யூட்சன் சிரித்துவிட்டார். மார்ச் மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். அக்கா அன்ரனிற்றா மட்டும் ஒரு கிழமை தொலைபேசி எடுக்கவில்லை. பிறகு எடுத்து, கேவலாருக்குத் தானும் கூட வருவதாகவும், தலையில் கட்ட நல்ல பருத்தித் துணி வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

தாடி அன்று மாலையே போயிற்று. முதலில் கத்தரிக்கோல், பிறகு அலகு. ஐந்து மாதம் வெயில் படாத கன்னம் வெளிறிப்போய் வெளியே வந்தது.

திங்கட்கிழமை யூட்சன் பட்டறைக்குப் போனார். டெல்சி தானே சோதிக்கவில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது, ஆகவே நீங்களே சோதியுங்கள் என்று ஓல்ட்மன்னிடம் கேட்டுக்கொண்டார். தொட்டியடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யூட்சன் கவசத்தை மாட்டினார், துவாரத்தைப் பொத்தினார், மூச்சை இழுத்தார். சத்தமே இல்லை. ஓல்ட்மன் கவசத்தை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முகமும் சேர்ந்து ஆடியது.

"இறுக்கமாக இருக்கிறது," என்றார் ஓல்ட்மன். பெரிதாகப் புகழ்ந்து பழக்கமில்லாத மனிதர். அன்று மட்டும் இன்னொரு வாக்கியமும் சொன்னார். "இந்தப் பட்டறையில் சொந்த வீட்டு ஆளையே திருப்பி அனுப்பியவர் உங்களுக்கு முன் ஒருவரும் இல்லை."

டெல்சி தண்ணீர்க் குழாயை மூடாமலே நின்றார். கண் கலங்கியதா என்று கேட்டால், தொட்டியில் இருந்த மருந்தின் நெடி என்கிறார்.

பிரிங்க்மன் மே மாதத்தில் வந்தார். இம்முறை காலை வணக்கம் சொன்னார். தன் ஆட்களை வண்டியில் ஏற்றுமுன் புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்க்கத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். அந்த நகரத்தின் தொண்டர் அணியில் இப்போது சவரம் செய்யாமல் வந்தால், "டெல்சியிடம் போகிறாயா?" என்பதுதான் பகிடி. யூட்சனே அதை மற்றவர்களுக்குச் சொல்கிறார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

இந்த ஆண்டுக் கேவலார் திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. டெல்சி அன்றைக்கு விடுமுறை எடுத்திருக்கிறார். அக்கா அன்ரனிற்றாவோடு ரயிலில் போகிறார். யூட்சன் போகவில்லை. திருவிழா நடக்கும் அந்தச் சனிக்கிழமை பகலில் அணிக்கு ஆள் குறைவு; கவசத்தோடு உள்ளே போகும் நால்வரில் அவரும் ஒருவர்.